பஸ்ஸைக் குடித்த டீச்சர்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில நோட்டுகளைப் பார்த்து சத்யப்ரியா முதல் நாள் அசந்துதான் போனாள். கோடு தாண்டாத எழுத்து. முத்து முத்தாகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள், அது பால் தரும். பக்கத்து நோட்டைத் திறந்தாள். அதிலும் அதே பசு. அடுத்த நோட்டிலும் அதேதான். வகுப்பு முழுக்க ஒரே பசு நின்றுகொண்டிருந்தது.

"ரொம்ப அழகா எழுதறீங்க. இப்ப நோட்டை மூடுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி எழுதுங்க" என்றாள்.

ஒரு பென்சிலும் அசையவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் இருந்த முனிலட்சுமிதான் கடைசியில் எழுந்து நின்றாள்.

"போர்டுல எழுதிப் போடுங்க டீச்சர். பாத்து அழகா எழுதிடறோம்."

"நீ என்ன சாப்பிட்டேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

வகுப்பு சிரித்தது. ஆனால் யாரும் எழுதவில்லை.

பாகலூரைத் தாண்டி கர்நாடக எல்லைக்குப் போகும் சாலையில் இருந்தது அந்த அரசு நடுநிலைப் பள்ளி. ஒரு பக்கம் குடைமிளகாய் விளையும் வெள்ளைக் கூடாரங்கள், இன்னொரு பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி. முனிலட்சுமி வீட்டில் தெலுங்கு பேசுவாள், தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்த நவீன்குமாரின் அம்மாவும் அப்பாவும் கம்பெனி வேலைக்காக விழுப்புரம் பக்கமிருந்து வந்தவர்கள். மூன்று மொழியில் சண்டை போடத் தெரிந்த பிள்ளைகள், நான்காவது மொழியில் ஒரு இட்லியைக் கூடச் சொல்ல முடியாமல் விழித்தது சத்யப்ரியாவுக்குத் தாங்கவில்லை. அவளும் புதுசு. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஓசூரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கி, தினமும் டவுன் பஸ்ஸில் வந்துபோனாள்.

அடுத்த வாரம் ஒரு பை நிறைய மெல்லிய நோட்டுகளோடு வந்தாள். ஆளுக்கொன்று கொடுத்தாள்.

"இது டைரி. இதுல நீங்க எனக்கு எழுதுவீங்க, நான் உங்களுக்குப் பதில் எழுதுவேன். என்ன வேணா எழுதலாம். இங்கிலீஷ் வார்த்தை தெரியலன்னா அந்த இடத்துல தமிழ்ல எழுதுங்க. தெலுங்கு, கன்னடம், எது வருதோ அது. ஒண்ணுமே வரலன்னா படம் போடுங்க. மார்க் கிடையாது. சிவப்பு இங்க் கிடையாது."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உமைருக்கு நம்பிக்கை வரவில்லை.

"தப்பா எழுதினா டீச்சர்?"

"எழுது."

"எழுதினா என்ன பண்ணுவீங்க?"

"பதில் எழுதுவேன்."

அன்று சாயங்காலம் ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் நோட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒன்றொன்றாகத் திறந்தாள். முனிலட்சுமி, 'ஐ ஈட் ராகி பால்' என்று எழுதியிருந்தாள். ராகியில் ஏது பால் என்று ஒரு கணம் குழம்பி, பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பந்து! களி உருண்டைக்கு இங்கிலீஷில் வார்த்தை தெரியாமல் ராகிப் பந்து சாப்பிட்டிருக்கிறது அந்தப் பெண். உமைர் எழுதியிருந்தான்: 'மை கேட் நோ டெயில். கம்பெனி பஸ் கோ.' அவ்வளவுதான். ஆனால் கம்பெனி பஸ்ஸின் சக்கரம், பூனையின் வால், அது போட்ட சத்தம் எல்லாம் அந்த இரண்டு வரிக்குள் இருந்தன.

பக்கத்து இருக்கையில் சீருடையோடு இருந்த பெண் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், ஜோக் புக்கா?" என்று கேட்டாள்.

"அதைவிட நல்லா இருக்குங்க" என்றாள் சத்யப்ரியா.

பஸ் குலுங்கக் குலுங்க நீல மையில் பதில் எழுதினாள். உமைருக்கு ஆங்கிலத்தில் எழுதினாள்: உன் பூனைக்கு வால் இல்லையா? கம்பெனி பஸ் அதன் மேல் ஏறிவிட்டதா? பாவமே! இப்போது அது எப்படித் தாவுகிறது? அவன் விட்ட சொற்களையெல்லாம் தன் கேள்விக்குள் ஒழுங்காக வைத்துக் கொடுத்தாள். தப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது வகுப்பில் நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் பிரித்துப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே கூச்சல்.

"டே, எனக்கு மூணு வரி எழுதியிருக்காங்கடா!"

"எனக்குக் கேள்வி கேட்டிருக்காங்க!"

"இது என்ன வார்த்தை? யாராச்சும் சொல்லுங்கடா!"

தன் பதிலைப் படிக்க முடியாத பிள்ளை, படிக்கத் தெரிந்த பிள்ளையைத் துரத்திக்கொண்டு ஓடியது. மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை. உமைர் நோட்டை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து எழுதினான். அவனுடைய அடுத்த பக்கத்தைப் பஸ்ஸில் திறந்தபோது சத்யப்ரியா இருக்கையிலேயே துள்ளினாள். 'மை கேட் ஹேஸ் நோ டெயில். இட் ஜம்ப் குட். இட் ஜம்ப் ஆன் மை மதர் சோறு.' நோ டெயில், ஹேஸ் நோ டெயில் ஆகியிருந்தது. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான்!

அதன் பிறகு அவளுக்குக் காலையில் ஐந்தாம் வகுப்பு எப்போது வரும் என்று இருந்தது. நவீன்குமார், அம்மா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும்போது தம்பியைச் சத்தம் போடாமல் அழவைப்பது எப்படி என்று விளக்கியிருந்தான். முனிலட்சுமி தன் தெருவில் யார் வீட்டு ஆட்டைப் பற்றியும் தனக்கு ஒரு கருத்து உண்டு என்று எழுதினாள். ஒரு வரி எழுதியவர்கள் அரைப் பக்கத்துக்குப் போனார்கள்.

ஒரே ஒரு நோட்டில் மட்டும் எழுத்தே இல்லை. அது வஜிஹாவுடையது.

வஜிஹா வகுப்பில் பேசமாட்டாள். கேட்டால் தலையசைப்பாள். அவள் நோட்டில் படம்தான் இருந்தது: பின்னால் பெட்டி பெட்டியாக அடுக்கிய ஒரு சரக்கு ஆட்டோ. சத்யப்ரியா கீழே எழுதினாள்: யார் ஓட்டுகிறார்கள்? அடுத்த நாள் அதே ஆட்டோவில் மீசையும் தொப்பியும் வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெட்டியில் என்ன? அடுத்த படத்தில் பெட்டியிலிருந்து குடைமிளகாய்கள் எட்டிப் பார்த்தன, பச்சை, மஞ்சள், சிவப்பு. ஓட்டுகிறவர் வாய் ஏன் இவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறது?

அதற்குத்தான் வந்தது முதல் வரி. பென்சிலை அழுத்தி அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி எழுதியிருந்தாள். 'அத்தா சிங். வெரி பேட்.' அப்பா பாடுகிறாராம், படு மோசமாக.

சத்யப்ரியா அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் வெங்கடசாமியின் அறைக்கே ஓடினாள். "சார், வஜிஹா எழுதிட்டா சார்!"

வெங்கடசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். "நல்லதும்மா. ஆனா கிராமர் சரியில்லையே" என்றார். அவர் குரலில் குறை இல்லை; கவலைதான் இருந்தது.

அந்தக் கவலைக்குக் காரணம் இரண்டு நாளில் நேரிலேயே வந்தது. சரக்கு ஆட்டோவைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு வஜிஹாவின் அத்தா குலாம் முகம்மது உள்ளே வந்தார். கையில் மகளின் நோட்டு. அந்தப் பக்கத்துக் கூடாரங்களில் விளையும் குடைமிளகாயை வாங்கி பெங்களூரின் பெரிய கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடும் வியாபாரி அவர்.

"இது என்னாங்க டீச்சரம்மா? பக்கத்துக்குப் பக்கம் படம், எழுதினது ஒரே வரி, அதுவும் தப்பு. அதைக் கூட திருத்தல. நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேங்க. பாருங்க, கீழ பதில் எழுதியிருக்கேன்."

"பதில் யாருக்குங்க வேணும்? திருத்தம்ல வேணும். எங்க தெருவுல பிரைவேட் ஸ்கூலுக்கு வேன் ஏறிப் போற புள்ளைங்க நோட்டை நான் பாத்திருக்கேன். எல்லாத்துலயும் டிக் போட்டு, குட் போட்டு, அவ்வளவு சுத்தமா இருக்கு."

சத்யப்ரியா விளக்க ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை, ஏதோ சொல்லக் கூச்சப்படுகிறவர் மாதிரி.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சவன். பெங்களூர் கடைக்காரங்க இங்கிலீஷ்ல மெசேஜ் அனுப்புவாங்க. அண்ணன் பையன் கிட்டக் காட்டிப் படிச்சுக்குவேன். என்ன பதில் எழுதறதுன்னு தெரியாது. கட்டைவிரல் படம் இருக்குதில்ல, அதைப் போட்டு அனுப்பிடுவேன். சரக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாலும் கட்டைவிரல், அழுகியிருந்துச்சுன்னு திட்டினாலும் கட்டைவிரல். எம் பொண்ணு அப்படி நிக்கக் கூடாது டீச்சரம்மா. வெள்ளிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங் இருக்குதில்ல, அன்னிக்கு வந்து டிசி வாங்கிக்கிறேன்."

ஆட்டோ கிளம்பிப் போன சத்தம் அடங்கியதும் வெங்கடசாமி சத்யப்ரியாவைக் கூப்பிட்டார்.

"ஒரு புள்ள போனா பின்னாலயே நாலு போகும்மா. அப்புறம் டீச்சர் போஸ்டே போயிடும். நீ பண்றது தப்புன்னு நான் சொல்லல. கொஞ்சம் சிவப்பு மை போடு. பெத்தவங்க கண்ணுக்கு ஏதாச்சும் தெரியணும்."

அன்று பஸ்ஸில் சத்யப்ரியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே போனாள். அறைக்குப் போனதும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எல்லா நோட்டையும் திருத்தினாள். உமைர் பூனை பற்றி எழுதியிருந்த நீளமான பக்கத்தில் வரிக்கு வரி வட்டம், அடித்தல், மேலே சரியான சொல். பக்கம் பார்க்க மிகவும் ஒழுங்காக இருந்தது. பதில் எழுதத்தான் இடமில்லை.

மறுநாள் நோட்டுகளைக் கொடுத்தபோது கூச்சல் எழவில்லை. பிள்ளைகள் பிரித்தார்கள், பார்த்தார்கள், மூடினார்கள். மாலையில் நோட்டுகள் திரும்பி வந்தன. உமைர் எழுதியிருந்தான்: 'டுடே இஸ் ட்யூஸ்டே. ஐ ஆம் ஃபைன். தேங்க் யூ.' முனிலட்சுமி நோட்டில் பசு திரும்பி வந்து நான்கு காலில் நின்றது. வஜிஹாவின் பக்கம் வெறுமையாக இருந்தது. படம்கூட இல்லை.

சத்யப்ரியா உமைரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பூனை என்ன பண்ணுது உமைர்?"

"குட்டி போட்டிருக்கு டீச்சர்! மூணு! எங்கம்மா தையல் மெஷினுக்கு அடியில! ஒண்ணு முழுக்கக் கறுப்பு, ஒண்ணு..." அவன் கண் விரிந்தது, கை இரண்டும் காற்றில் குட்டி அளவு காட்டின.

"அடப்பாவி! இதை ஏன்டா எழுதல?"

உமைர் கையைக் கீழே போட்டான். "எழுதினா தப்பு வரும் டீச்சர். டுடே இஸ் ட்யூஸ்டேன்னா தப்பு வராது."

அவன் அதைப் புகாராகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் சுலப வழி கண்டுபிடித்த பிள்ளை மாதிரிதான் சொன்னான். அதனால்தான் அது சத்யப்ரியாவுக்கு அப்படி உறைத்தது. மூன்று குட்டிகள் பிறந்திருக்கின்றன, தப்பு வரக்கூடாது என்பதற்காக இந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமையை எழுதியிருக்கிறான்.

புதன்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததும் அவள் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. தன் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தாள்.

"நேத்து நான் செஞ்சது எனக்கே பிடிக்கல. இனிமே உங்க டைரியில சிவப்பு வராது. இன்னொண்ணு. எனக்குக் கன்னடம் தெரியாது. பஸ்ல, காய்கறிக் கடையில கேட்டது மட்டும்தான். நான் இன்னிக்கு ஒரு பக்கம் கன்னடத்துல எழுதியிருக்கேன். எழுத்து தெரியாது, அதனால தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். முனிலட்சுமி, நீதான் எனக்குப் பதில் எழுதணும்."

முனிலட்சுமி பெஞ்சில் முள் குத்தியவள் மாதிரி எழுந்தாள். "நானா டீச்சர்?"

"நீதான். படிக்கட்டுமா?"

வகுப்பு மொத்தமும் பெஞ்சு நுனிக்கு வந்தது. சத்யப்ரியா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"நானு பெளிக்கெ ஓசூரினல்லி பஸ் குடிதே. பஸ்ஸினல்லி துப்பா ஜன."

முனிலட்சுமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்க முடியாமல் மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அவளைத் தொடர்ந்து கன்னடம் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் பெஞ்சில் தலைசாய்த்து உருண்டார்கள். தெரியாதவர்கள், "என்னடி, என்னடி சொல்லு" என்று பிடித்து உலுக்கினார்கள்.

"டீச்சர் பஸ்ஸைக் குடிச்சிட்டாங்க!" முனிலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. "ஹிடிதேன்னா பிடிச்சேன்! குடிதேன்னா குடிச்சேன்! அப்புறம் அந்த பஸ்ல... நெய் ஜனங்க! தும்பான்னாதான் நிறைய. துப்பான்னா நெய் டீச்சர், நெய்!"

வஜிஹா சிரித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. அவள் சிரித்து சத்யப்ரியா பார்த்தது அதுதான் முதல் முறை.

மதியம் முனிலட்சுமி நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். சத்யப்ரியா திறந்தாள். எந்த அடித்தலும் இல்லை. கீழே தமிழ் எழுத்தில் கன்னடம்: 'ஓ, நீவு பஸ் ஹிடிதிரா? யாவ பஸ்ஸு? தும்பா ஜனானா? சீட்டு சிக்தா?'

நீங்கள் பஸ் பிடித்தீர்களா, எந்த பஸ், நிறைய ஜனமா, இடம் கிடைத்ததா. டீச்சர் தவறவிட்ட ஒவ்வொரு சொல்லையும் சரியான உருவில் தன் கேள்விக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்திருந்தாள் அந்தப் பத்து வயதுப் பெண். தான் செய்துகொண்டிருந்தது இதுதான் என்று சத்யப்ரியாவுக்கே அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. சட்டென்று பேனாவை எடுத்தாள். எந்த பஸ் என்று சொல்லியாக வேண்டும். உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதையும், ஒரு அம்மா மடியில் கோழியோடு வந்ததையும் சொல்லியாக வேண்டும். கோழிக்குக் கன்னடத்தில் என்ன? தெரியவில்லை. படம் போட்டாள்.

அன்று மாலை உமைரின் நோட்டில் மூன்று பூனைக்குட்டிகளும் தையல் மெஷினோடு வந்து சேர்ந்தன. வஜிஹா மறுபடி படம் போட்டிருந்தாள்: ஒரு பஸ், அதில் ஒரு உறிஞ்சுகுழல், மறுமுனையில் டீச்சர்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்குப் பாதிப் பேர் கம்பெனி சீருடையிலேயே வந்திருந்தார்கள். குலாம் முகம்மது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வெங்கடசாமி சத்துணவு, சீருடை எல்லாம் பேசி முடித்துவிட்டு, "டீச்சர் ஏதோ சொல்லணுமாம்" என்று சத்யப்ரியாவைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். தன் கன்னட நோட்டைத் திறந்து, பஸ்ஸைக் குடித்த பக்கத்தை அப்படியே படித்தாள்.

பெரியவர்கள் பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். நவீன்குமாரின் அம்மா பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அவ்வளவா கன்னடம் வராது டீச்சர். எனக்கே புரிஞ்சிடுச்சு" என்றாள்.

"புரிஞ்சுதில்ல? எத்தனை தப்பு இருந்தாலும் நான் பஸ்ல வந்தேன், கூட்டமா இருந்துச்சுன்னு புரிஞ்சுது. இப்ப இதைப் பாருங்க. ரெண்டு நாள் கழிச்சு எழுதினது." புதிய பக்கத்தைப் படித்தாள். அதில் பஸ்ஸைப் பிடித்தாள். ஜனம் தும்பா இருந்தார்கள். கோழி மட்டும் இன்னும் கொஞ்சம் தப்பாகக் கூவியது. "முனிலட்சுமி என்னைத் திருத்தல. கேள்வி கேட்டா. பதில் சொல்லணும்னு ஆசை வந்துச்சு, அதனால வார்த்தையைத் தேடினேன்."

பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குலாம் முகம்மது எழுந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் விடவில்லை.

"நல்லா இருக்கு டீச்சரம்மா. நீங்க படிச்சவங்க, சீக்கிரம் பிடிச்சுக்குவீங்க. எம் பொண்ணு வாயே திறக்கமாட்டா. அவ எழுதுவாளா? பாக்காம, யாரும் சொல்லாம, தானா எழுதுவாளா?"

வஜிஹா இதுவரை எழுதியது ஒரே ஒரு வரி. சத்யப்ரியா, கதவோரம் மற்றப் பிள்ளைகளோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வஜிஹாவைப் பார்த்தாள். பிறகு சட்டென்று தோன்றியதைச் சொன்னாள்.

"நான் கேக்கல. நீங்க கேளுங்க. எழுதிக் கேளுங்க."

"நானா? எனக்கு என்னா தெரியும்?"

"தெரிஞ்சது போதும். தெரியலன்னா தமிழ்ல எழுதுங்க. அதான் இங்க சட்டம்."

யாரோ வஜிஹாவின் நோட்டை நீட்டினார்கள், யாரோ பேனாவை. குலாம் முகம்மது பின்வாங்கப் பார்த்தார். "எழுதுங்க பாய்!" என்று பின்னாலிருந்து குரல்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டின் மேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினார். நெற்றி வியர்த்தது. எழுதி முடித்ததும் மகளைப் பார்க்காமலே நோட்டை நீட்டினார். 'வஜிஹா, வாட் யூ வான்ட்?'

வஜிஹா வந்து நோட்டை வாங்கினாள். அத்தாவின் எழுத்தைப் பார்த்தாள். அவர் ஆங்கிலத்தில் எழுதி அவள் பார்த்ததே இல்லை. தரையிலேயே உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

ஒரு வரி ஓடியது. நிற்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. பென்சில் முனை உடைந்தது. உமைர் கதவோரத்திலிருந்து தன் பென்சிலை உருட்டிவிட்டான். தலை நிமிராமலே எடுத்துக்கொண்டாள். "ஏய், அரைப் பக்கம் போயிட்டாடி" என்று முனிலட்சுமி கிசுகிசுத்தாள். வெங்கடசாமி நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். சத்யப்ரியா மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வஜிஹா எழுந்து நோட்டை அத்தாவிடம் கொடுத்துவிட்டு சத்யப்ரியாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

குலாம் முகம்மது விரலை வரியின் கீழ் வைத்து உதடசைத்துப் படித்தார். இரண்டாவது வரியில் அவர் மீசை துடித்தது. நான்காவது வரியில் ஹா என்று வெடித்துச் சிரித்தார். அதற்குப் பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

"என்னா எழுதியிருக்கா பாய், சொல்லுங்க!"

சத்யப்ரியா குனிந்து வஜிஹாவிடம் கேட்டாள். "உன் டைரி. சொல்லலாமா?" வஜிஹா தலையசைத்தாள்.

அவர் தமிழில் சொன்னார். "அத்தாவோட ஆட்டோவுல பெங்களூர் வரணுமாம். முன்னாடி உக்காரணுமாம். நம்ம குடைமிளகாயை யாரு சாப்பிடறாங்கன்னு பாக்கணுமாம். அத்தா பாடக் கூடாதாம். பாடினா மெதுவாப் பாடணுமாம்." அறை சிரிப்பில் அதிர்ந்தது. அவர் அது அடங்கும் வரை காத்திருந்தார். கடைசி வரியை மட்டும் அவள் எழுதியபடியே படித்தார். "'ஐ நாட் வான்ட் நியூ ஸ்கூல். நியூ ஸ்கூல் ஹூ வில் ஆன்சர் மீ?'"

புதுப் பள்ளியில் எனக்கு யார் பதில் எழுதுவார்கள்? அதை யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

"இது தப்பா இருக்கா டீச்சரம்மா?" என்று கேட்டார் குலாம் முகம்மது.

"ரெண்டு மூணு இடத்துல இருக்குங்க."

"இருக்கட்டும். எனக்கு முழுசாப் புரிஞ்சுது." அவர் பேனாவை மறுபடி கேட்டு வாங்கினார். இந்த முறை வியர்க்கவில்லை. மகளின் பக்கத்துக்குக் கீழே எழுதி, எல்லாருக்கும் கேட்க உரக்கப் படித்தார். "'சண்டே மார்னிங். யூ ஃப்ரண்ட் சீட். பட் ஐ சிங்!'"

"அத்தா!" என்று கத்தினாள் வஜிஹா. அந்தக் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது.

டிசி பற்றி யாரும் பேசவில்லை. வெங்கடசாமி மட்டும் கூட்டம் கலைந்ததும் சத்யப்ரியாவிடம் வந்து, "அடுத்த மாசம் நாலாம் வகுப்புக்கும் ஆரம்பிச்சிடலாமாம்மா?" என்று, முன்பே முடிவு செய்துவிட்டதைக் கேள்வியாகக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் பச்சை, மஞ்சள், சிவப்புப் பெட்டிகளோடு சரக்கு ஆட்டோ சர்ஜாபூர் சாலையில் எல்லையைக் கடந்தது. முன்னிருக்கையில் வஜிஹா. பெங்களூர் கடையில் பெட்டிகளை இறக்கும்போது, தள்ளுவண்டியில் சாமான் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இரண்டு மஞ்சள் குடைமிளகாயைத் தேர்ந்தெடுத்தாள். வஜிஹா அத்தாவின் சட்டையை விட்டுவிட்டு அவளிடம் போய் நின்றாள். 'ஆன்ட்டி, வாட் யூ குக்?' என்று கேட்டாள். அந்தப் பெண் வியந்து பார்த்து, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து, மேலே சீஸ் தூவிச் சுடுவேன் என்று ஆங்கிலத்திலேயே பொறுமையாகச் சொன்னாள். குலாம் முகம்மது பெட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

இதையெல்லாம் சத்யப்ரியா திங்கட்கிழமை மாலை ஓசூர் பஸ்ஸில் படித்துத் தெரிந்துகொண்டாள். வஜிஹா நான்கு பக்கம் எழுதியிருந்தாள். எல்லையில் போர்டுகளின் எழுத்து மாறியது, சிக்னலில் எருமைகள் நின்றது, கடைக்குள் அடித்த குளிர், குடைமிளகாய்க்குள் போகும் உருளைக்கிழங்கு. தெரியாத சொல்லுக்குத் தமிழ், அதுவும் போதாத இடத்தில் படம்.

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. அத்தாவுடையது. தானும் அந்த ஆன்ட்டியைப் பார்த்ததாகவும், அவ்வளவு தூரம் போய் உருளைக்கிழங்கு அடைக்கவா நம்ம சரக்கு என்றும் அரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வஜிஹாவின் பதில். அதற்கும் கீழே அவருடையது: கடைக்காரருக்கு இன்று தானே ஆங்கிலத்தில் ஒரு வரி அனுப்பியதாகவும், அவர் பதில் போட்டதாகவும். பிறகு வஜிஹா: என்ன அனுப்பினீர்கள் அத்தா? சொல்லுங்கள்! ஓரத்தில், மேலே, கோட்டுக்கு வெளியே என்று இருவரும் மாறி மாறி எழுதிக்கொண்டே போயிருந்தார்கள்.

சத்யப்ரியா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் எழுத ஒரு விரல் அகலம்கூட இடம் இல்லை. பஸ் பாகலூர் நிறுத்தத்தில் குலுங்கி நின்றது, ஷிஃப்ட் முடிந்தவர்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவள் பேனாவை மூடி, சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள்.